ரெண்டு கிராம் குறையுது

— கையைக் காட்டு.

— ஒண்ணுமில்லக்கா. நான் வந்த விஷயம் வேற.

— விஷயம் எங்கயும் ஓடிப்போகாது. உள்ள வந்ததுலேர்ந்து மூணு தடவ விரலை பேண்ட்ல தேச்சுட்டே. காட்டு.

— பேனா மை பட்டிருக்கு, அவ்வளவுதான்.

— எந்த மைடா வெள்ளையா, தோலை ஊற வெச்ச மாதிரி இருக்கும்? காட்டுடா.

— அக்கா! கதவு தெறந்திருக்கு. லேபுக்குள்ள ‘டா’ வேண்டாம்னு எத்தனை தடவ சொல்றது? நான் இங்க டிவிஷன் ஹெட்.

— மன்னிச்சுக்கங்க ஹெட் சார். தங்கள் திருக்கரத்தை இந்தக் குழாய்க்குக் கீழ நீட்டினீங்கன்னா ரொம்ப நன்றியோட இருப்பேன். வலது கை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். மோதிரத்தைக் கழட்டு. அஞ்சு நிமிஷம் அப்படியே வெச்சிரு, நடுவுல எடுத்தே, முதுகுல ஒண்ணு வெப்பேன்.

— தண்ணி ஜில்லுனு இருக்கு.

— வெந்நீர் போட்டுத் தரட்டுமா? எப்பலேர்ந்து வலிக்குது?

— வலியெல்லாம் இல்ல. லேசா நமநமன்னு இருக்கு. ஒரு அரை மணி நேரமா.

— பத்து மணிக்குத் தொட்டிருக்கே, இப்ப மணி பன்னெண்டு. சரியாத்தான் வருது.

— நான் எதையாவது தொட்டேன்னு சொன்னேனா?

— சொல்லல. பதினொரு மணிலேர்ந்து அஞ்சு தடவ ஃபோன் அடிச்சேன், அதையும்தான் எடுக்கல.

— மீட்டிங்ல இருந்தேன்.

— யாரோட?

— தனியாத்தான்.

— தனியா மீட்டிங். பெரிய மனுஷங்க சமாச்சாரம், எனக்கெங்க புரியப் போகுது. சரி, கையைத் தொடைக்காத, அப்படியே வந்து இந்த ஸ்டூல்ல உக்காரு. மேசை மேல நீட்டு. ஜெல் போடறேன்.

— தொடவே இல்லங்கறேன், எதுக்கு ஜெல்?

— தொடலைன்னா எந்திரிச்சுப் போயேன். பாரு, நான் பிடிக்கக்கூட இல்ல. கை உன்னுது, கதவும் தெறந்துதான் இருக்கு.

— போட்டுத் தொலை.

— அப்படி வா வழிக்கு. நான் கையுறை மாட்டிக்கறேன், உன்னை நம்பி வெறுங்கையால தொட முடியாது. இது கால்சியம் ஜெல். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தேச்சுக்கிட்டே இருக்கணும்.

— ஆம்புலன்சா? யாருக்கா கூப்பிட்டது?

— நீ குழாய்ல மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு நின்னப்ப நான் மெசேஜ் தட்டிட்டேன். இருபது நிமிஷத்துல வந்துடும்.

— அய்யோ, வாசல்ல எல்லாரும் பாப்பாங்களே! ஹெட்டை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனா என் இமேஜ் என்ன ஆகறது?

— நடந்தே ஏறு ராசா. கையாட்டிக்கிட்டே ஏறு. ஏதோ வெளிநாட்டுப் பயணம்னு நினைச்சுக்கட்டும்.

— இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ற அளவுக்கு அது என்னக்கா? செனான். மந்த வாயு. எதோடயும் சேராது, எதுவும் பண்ணாது. பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு.

— படிச்ச இடத்துலயே நின்னுட்டே. நீ திறந்தது செனான் இல்லடா, செனான் டைஃப்ளோரைடு. எதோடயும் சேராததைப் பிடிச்சு ஃப்ளோரினோட சேத்து வெச்சிருக்கு. பிடிக்காத கல்யாணம். செனானுக்கு எப்படா கழண்டுக்கலாம்னு இருக்கும். துளி ஈரம் பட்டாப் போதும், அது பாட்டுக்குக் காத்தோட போயிடும். அது விட்டுட்டுப் போற ஃப்ளோரின் ஈரத்தோட சேந்து அமிலமாயிடும். கண்ணாடியையே அரிக்கற அமிலம். காலையில லேபைச் சுத்திப் பாக்க வந்தாரே அந்தப் பெரியவர், அவர் முன்னாடி நின்னப்ப உன் விரல்ல வேர்வைக்கா பஞ்சம்?

— அமிலம்னா பட்ட உடனே எரிஞ்சிருக்கணுமே. நான் சும்மா ஒரு சிட்டிகைதான்…

— ஆங்! ஒரு சிட்டிகை. ‘தொடவே இல்ல’ எங்க போச்சு?

— ப்ராக்டிகலா யோசிக்கா. ஒரு சிட்டிகையில என்ன ஆகிடும்?

— மத்த அமிலம் பட்டா உடனே கத்த வெக்கும், மனுஷன் தண்ணிக்கு ஓடுவான். இது கொஞ்சமா பட்டா சத்தமே காட்டாது. தோலைத் தாண்டி உள்ள இறங்கி எலும்புல இருக்கற கால்சியத்தைத் தேடிப் போகும். ராத்திரி வலி எடுக்கறப்பதான் உனக்குத் தெரியும். அதிகமா உள்ள போனா ரத்தத்துல இருக்கற கால்சியத்தையும் பிடிச்சுக்கும், அப்புறம் இதயம் தாளம் தப்பும். அதுக்குத்தான் இந்த ஜெல். எலும்பை விட்டுட்டு இதைத் தின்னுன்னு அதுக்கு நாம குடுக்கற தீனி.

— அடிப்பாவி, பயமுறுத்தாதே.

— பயப்படு. ஒன்பது வருஷமா ஹெட்டா இருக்கே, இன்னைக்காவது பயப்படு. எத்தனை தடவ பயிற்சிக்குக் கூப்பிட்டேன்? ஒவ்வொரு தடவையும் தொடக்க உரை ஆத்திட்டு, ஃபோட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டே. இந்தக் கட்டடத்துல நீ தொட்ட ஒரே கெமிக்கல் கை கழுவற சோப்பு.

— என் வேலை நிர்வாகம். இந்த டிவிஷனுக்கு மூணு மெஷின் வாங்கிக் குடுத்தது யாரு?

— வாங்கிக் குடுத்தே. சிலிக்கானை அரிக்கற மெஷின். அதுக்குள்ள போகவேண்டிய சாமானை உன் விரலுக்குக் குடுத்திருக்கே. இடது கையில என்ன காகிதம், வந்ததுலேர்ந்து கசக்கிக்கிட்டு இருக்கே?

— அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். சின்ன ஃபார்மாலிட்டி. நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.

— என் ரெண்டு கையும் உன் விரல்ல இருக்கு. நீயே படி.

— அப்புறம் படிச்சுக்கலாம்.

— படிடா.

— “இன்று காலை பத்து மணியளவில், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பணியாளர் குப்பியைத் திறக்கும்போது கை தவறி, சுமார் இரண்டு கிராம் வேதிப்பொருள் தரையில் சிந்தியது. உடனடியாகச் சுத்தம் செய்யப்பட்டது. யாருக்கும் பாதிப்பில்லை.”

— இன்னொரு தடவ.

— அக்கா…

— அந்த ‘கை தவறி’ங்கறதை மட்டும் இன்னொரு தடவ படி. காதுக்கு இனிமையா இருக்கு.

— அது ஒரு வார்த்தைதானே!

— இதைத்தான் தனியா உக்காந்து மீட்டிங் போட்டு டைப் அடிச்சியா? விரல் நமநமங்குது, அதோட டைப் அடிச்சிருக்கே. உழைப்பாளிதான்.

— கிண்டல் பண்ணாதேக்கா. ப்ராக்டிகலா யோசி. நீ இன்னும் எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறே. உன்னை யாரு என்ன பண்ணப்போறாங்க? மிஞ்சி மிஞ்சிப் போனா ஒரு மெமோ. என் நிலைமை அப்படியா? அடுத்த வாரம் டைரக்டர் யாருன்னு முடிவாகுது. கமிட்டித் தலைவரே அந்தப் பெரியவர்தான். அதனாலதானே இன்னைக்குச் சுத்திப் பாக்க வந்தாரு.

— முப்பத்தோரு வருஷம்டா. இந்த லேப்ல ஒரு தடவ என் கை தவறியிருக்கா? சொல்லு.

— இல்ல.

— கடைசி எட்டு மாசத்துல தவறிடுச்சுன்னு எழுதிட்டு வந்திருக்கே. எழுதினதை என் முன்னாடியே வாய்விட்டுப் படிக்கறே. அதுவும் எப்படி, விரலை என் கையில குடுத்துட்டு. வெக்கமா இல்ல உனக்கு?

— இருக்கு. ஆனா வேற வழி தெரியலக்கா.

— அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் கொஞ்சம் ஜெல் போடறேன். நகத்துக்கு அடியில நல்லா போகட்டும். ம், நடந்ததைச் சொல்லு. குப்பி ஈரம் புகாத உலர்பெட்டிக்குள்ள இருந்துச்சு. சாவி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். நான் கீழ சிலிண்டர் இறக்கப் போயிருந்தேன். அப்புறம்?

— பெரியவர் கேட்டாரு. “மந்த வாயுவே ஒரு பொருளா மாறி இருக்கறதை நான் கண்ணால பாத்ததே இல்லப்பா”ன்னாரு. ஆசையா கேட்டாருக்கா, சின்னப் பிள்ளையாட்டம். நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?

— ‘பெட்டிக்கு வெளிய எடுக்கக் கூடாது சார், கண்ணாடி வழியா பாருங்க’ன்னு சொல்லணும். என் மாதிரி வேலைக்கு வர்றவங்க முதல் வாரத்துலயே இதைச் சொல்லிடுவாங்க.

— பெட்டியோட கண்ணாடி மங்கலா இருந்துச்சு. ஃபோட்டோவுல விழாதுன்னு நினைச்சேன்.

— ஓ, ஃபோட்டோ. அதான் கையுறையும் போடலையா?

— அந்தக் கறுப்புக் கையுறை முழங்கை வரைக்கும் இருக்குக்கா. போட்டா டிரெய்னேஜ் அள்ளற ஆள் மாதிரி இருக்கேன்.

— டிரெய்னேஜ் அள்ளறவர் உன்னைவிடப் புத்திசாலி. கையுறை குடுத்தா போட்டுக்குவார். சரி, எந்தக் குப்பி?

— வெள்ளைப் படிகம் இருந்துச்சே, அந்தக் குப்பி.

— எல்லாமே வெள்ளைதான். லேபிள்ல ஃப்ளோரினுக்குப் பக்கத்துல ரெண்டு போட்டிருந்துச்சா, நாலு போட்டிருந்துச்சா?

— அதெல்லாமா பாப்பாங்க?

— எங்கப்பனே! ரெண்டுன்னா விரல் புண்ணாகும். நாலுன்னா, ஈரம் பட்டா அதுலேர்ந்து இன்னொண்ணு உண்டாகும். அது தண்ணியில இருக்கற வரைக்கும் சமத்தா இருக்கும், காஞ்சுதுன்னா வெடிக்கும். ஒரு காகிதத்தை வெச்சுத் துடைச்சாக்கூட வெடிக்கும். இதை நீ கர்சீப்பால துடைச்சிருப்பே.

— துடைச்சேன்.

— அடப்பாவி! கர்சீப் எங்க?

— பேண்ட் பாக்கெட்ல.

— இடது கையால மெதுவா எடு. இந்தப் பையில போடு. பேண்டை ஆஸ்பத்திரியில கழட்டிக் குடுத்துடு, சொல்லி வெக்கறேன். அதுக்கும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்க.

— அக்கா, நாலா இருந்தா…?

— மூஞ்சியைப் பாரு, இப்பதான் ரத்தம் வத்துது. நாலு தனிப் பூட்டுல இருக்கு, சாவி என் கழுத்துல. நீ எடுத்தது ரெண்டுதான். இருந்தாலும் ஒரு நிமிஷம் நீ இப்படி முழிக்கறதைப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு.

— நீ மனுஷியே இல்ல.

— விரலை மடக்கு. நீட்டு. மரத்துப் போன மாதிரி இருக்கா?

— இல்ல, சுருக் சுருக்னு இருக்கு.

— இருக்கட்டும், உணர்ச்சி இருக்கறது நல்லதுதான். மேல சொல்லு. எடுத்தே, ஃபோட்டோவுக்கு நின்னே. கூட யாரு இருந்தா?

— பெரியவரும் நானும்தான். ஃபோட்டோக்காரர் கதவுகிட்டயே நின்னுட்டாரு. ஒரு கண்ணாடித் தட்டுல கொஞ்சம் கொட்டினேன். ஸ்பூன் மாதிரி எதுவும் கைக்குக் கிடைக்கல, அதான் விரலாலயே ஒரு சிட்டிகை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். ஏதோ ஒரு வாடை அடிச்சுது. குமட்டிக்கிட்டு வந்துச்சு.

— அது பாட்டுக்கு அறையில வெச்சாலே ஆவியாகி மூக்குல ஏறும். குமட்டினதும் மூடியிருக்கணும். நீ என்ன பண்ணினே?

— சிரிச்சேன். கேமரா பாத்துக்கிட்டிருந்துச்சு.

— பெரியவர் கையில எதுவும் படலையே?

— சேச்சே. அவர் தள்ளித்தான் நின்னாரு.

— நல்லா யோசிச்சுச் சொல்லு.

— எதுவும் படலக்கா. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.

— சந்தேகம் எனக்கில்ல, தராசுக்கு. நேத்து சாயங்காலம் குப்பியை எடை போட்டு எழுதிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். உள்ள இருபத்து மூணு புள்ளி ஆறு கிராம். இன்னைக்குப் பதினொரு மணிக்கு, மூடி சரியா திருகாம பெட்டிக்கு வெளிய கிடந்துச்சு. எடுத்துப் போட்டேன், இருபத்தொண்ணு புள்ளி ரெண்டு.

— ஏன்க்கா, தினமுமா எடை போடுவே?

— திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, மூடினதுக்கு அப்புறம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முப்பத்தோரு வருஷமா. அதனாலதான் எனக்குப் பத்து விரலும் இருக்கு. தட்டுல ஒட்டிக்கிட்டு இருந்ததைச் சுரண்டினேன், புள்ளி நாலு. மிச்சம் ரெண்டு கிராம் குறையுது.

— அதான் காகிதத்துல இருக்கே. சிந்திடுச்சு.

— எங்க?

— தரையில.

— தரையைப் பாத்தேன். மேசைக்கு அடியிலயும் பாத்தேன், தவழ்ந்து பாத்தேன், இந்த முட்டியோட. ஒரு பொட்டு இல்ல.

— நீதானே சொன்னே, ஆவியாகிடும்னு. ஆவியாகிடுச்சு.

— பரவாயில்லயே, அஞ்சு நிமிஷத்துல கெமிஸ்ட்ரி கத்துக்கிட்டே. ஒரு மணி நேரத்துல ரெண்டு கிராமும் தடயமே இல்லாம போயிடுச்சு. தட்டுல இருந்தது மட்டும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு.

— அக்கா, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள இதை முடிச்சுடலாமே. வந்தா ஆஸ்பத்திரியில எழுதிக் கேப்பாங்க. காகிதம் ஒரு மாதிரியும் நான் ஒரு மாதிரியும் சொல்ல முடியாது.

— முடியாதுதான். காகிதத்துல ‘யாருக்கும் பாதிப்பில்லை’ன்னு இருக்கு, ஆம்புலன்ஸ்ல ஹெட் சார் விரலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போறாரு.

— அதை மாத்திடலாம். நீ சிந்தினதை நான் உதவி பண்ணிச் சுத்தம் செஞ்சப்போ பட்டுதுன்னு போட்டுக்கலாம்.

— பிரமாதம்! கை தவறினவ நான், காப்பாத்தினவன் நீ. கூடவே ஒரு விருதுக்கும் எழுதிப் போட்டுடு.

— நீ என்ன வேணா சொல்லு. நான் கேக்கறதுக்கு உன்னை விட்டா யாருக்கா இருக்கா? சின்ன வயசுல பக்கத்து வீட்டு ஜன்னலை உடைச்சது நான், அடி வாங்கினது நீ. பரீட்சை ஃபாரத்துல கடைசித் தேதியை விட்டது நான், ஆஃபீஸ் ஆஃபீஸா அலைஞ்சது நீ. அம்மா போறப்போ உன்கிட்டதானே சொன்னா, இவனைப் பாத்துக்கன்னு.

— அம்மா ‘பாத்துக்க’ன்னுதான் சொன்னா. ‘உன் பேரை இவன் குப்பையில போடுவான், அதுக்கும் ஒத்துக்க’ன்னு சொல்லல.

— அக்கா…

— அழாதே. ஹெட் அழறது இமேஜுக்கு நல்லதில்ல. இன்னொரு விரலையும் காட்டு.

— வலிக்குதுக்கா. இப்ப நிஜமாவே வலிக்குது.

— தெரியும்டா. மெதுவாத்தான் தேக்கறேன். விரலு போகாது, பயப்படாதே. பட்டது கொஞ்சம்தான், ஜெல்லும் போட்டாச்சு. ஒரு ஊசி போடுவாங்க, ராத்திரி வெச்சிருந்து இதயத்தைப் பாத்துட்டு நாளைக்கு அனுப்பிடுவாங்க. நானும் கூட வர்றேன்.

— நிஜமாவா?

— பின்ன, உன் பொண்டாட்டிகிட்ட யாரு சொல்றது? நீ ஃபோன் பண்ணினா ‘பேனா மை’ன்னுவே.

— சிரிக்க வெக்காதேக்கா.

— உனக்கு டைரக்டர் ஆகணும்னு அவ்வளவு ஆசையா?

— இருபது வருஷமா அதுக்குத்தான் ஓடறேன். எல்லாரும் என்னை ‘அக்கா தயவுல வந்தவன்’னு பேசறாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நானா ஏறி நிக்கணும்.

— அதுக்கும் அக்கா கையெழுத்துதான் வேணுமா? காகிதத்தைக் குடு.

— அக்கா?

— குடுடா. மெமோ வந்தா வரட்டும். முப்பத்தோரு வருஷத்துல ஒரு மெமோகூட இல்லாம போனா நான் வேலையே செய்யலைன்னு நினைச்சுக்குவாங்க. என் ரிட்டயர்மெண்ட் விழாவுல யாராவது நல்லதா நாலு வார்த்தை பேசினா எனக்கு அழுகை வரும், இது இருந்தா பேச மாட்டாங்க. நல்லதாப் போச்சு.

— நீ தெய்வம்க்கா.

— கையை மேசையிலயே வெச்சிரு, எடுக்காதே. பேனா எங்க? மையில்லாத பேனாவா குடுத்துடாதே, உனக்குத்தான் மை பொங்கி விரலெல்லாம் வழியுமே.

— இந்தா. இங்க, கடைசி வரிக்குக் கீழ.

— ஒரு நிமிஷம். நான் இதுல பேர் எழுதினா, இதுல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் நான்தான் பொறுப்பு. ‘கை தவறி’ பொய். போகட்டும். அது என் மானம், நான் பாத்துக்கறேன். ‘தரையில சிந்தியது’, அதுவும் போகட்டும். ஆனா அடுத்த வரி, ‘யாருக்கும் பாதிப்பில்லை.’ இது மட்டும் பொய்யா இருக்கக் கூடாது. வேற யார் கையிலயாவது, வேற யார் பையிலயாவது அந்த ரெண்டு கிராம் இருந்தா இப்பவே சொல்லிடு. ஃபோன் இங்கதான் இருக்கு. கார்ல போறவங்களாவே இருந்தாலும் நிறுத்திடலாம். நீ டைரக்டர் ஆகறதும் ஆகாததும் அப்புறம். சொல்லுடா. கடைசியா கேக்கறேன்.

— அது வந்துக்கா…

— என்ன யோசனை?

— யோசனையெல்லாம் இல்ல. ஒருத்தர்கிட்டயும் இல்லக்கா. சத்தியமா. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் இதுல இல்ல.

— அம்மா மேல?

— அம்மா மேல.

— சரி.

— ஆம்புலன்ஸ் சத்தம் கேக்குது. சீக்கிரம் போடுக்கா.

— பேனாவை நீயே வெச்சுக்க. நீ நினைவுப் பரிசுன்னு கையில குடுத்தனுப்பின கண்ணாடிக் குப்பி மங்கிப்போய் நாறுதுன்னு, கேட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே அந்தப் பெரியவர் செக்யூரிட்டிகிட்ட இறங்கிச் சொல்லிட்டாரு. அவர் கையைக் கழுவி, டாக்டர்கிட்ட காட்டி, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சப்புறம் அனுப்பி வெச்சவ நான்தான். ரெண்டு கிராமும் ஒரு மணி நேரமா என் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. கையெழுத்துப் போடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான்டா உன் விரலைப் பிடிச்சேன், ‘அந்த மனுஷனைக் காப்பாத்துக்கா’ன்னு ஒரு தடவ உன் வாயிலேர்ந்து வருமான்னுதான் இவ்வளவு நேரமா தேச்சுக்கிட்டு இருந்தேன்.